ஒரு வாசல், இரண்டு பெயர்

தாய் செங், ஆறாவது மாடி.
பதினேழாம் ரேக்கின் முன்னால்
குளிருக்கு இரண்டு சட்டை மாட்டி
தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே இரும்புப் பெட்டிக்குள்
ஒன்பது கணினிகளைக் குடிவைத்திருக்கிறேன்.
ஒன்றுக்கும் உடம்பில்லை.
ஆனாலும் ஒவ்வொன்றும்
தனக்கொரு வட்டு,
தனக்கொரு நினைவகம்,
முதுகில் ஒரு வலைச்செருகி
இருப்பதாய் நம்பி ஓடுகிறது.
அந்தச் செருகியில் மாட்டிய கம்பி
நான் தட்டச்சு செய்த மூன்று வரி.

ஈசூனில் என் அறை இருக்கும் வீட்டிலும்
இதே ஏற்பாடுதான்.
ஐந்து பேர், ஒரு கதவெண், ஒரு தபால்பெட்டி.
சாவி திருமதி கோவிடம்.
எங்கள் கடிதங்கள் எல்லாம்
அவர் முகவரியில்தான் வெளியே போகும்.
உறையின் மூலையில் பென்சிலால் ஓர் எண்,
நோட்டில் அதே எண், பக்கத்தில் யார் என்று.
பதில் வந்தால் நோட்டைப் பார்த்து
அந்தந்தக் கதவிடுக்கில் தள்ளிவிடுவார்.
நாம் எழுதாமலே நமக்கொன்று வந்தால்
"அப்படி இங்கே யாரும் இல்லை."
பொய் என்றும் சொல்ல முடியாது.
நோட்டில் இல்லாதவர்
வீட்டில் இல்லாதவர்.

எட்டுக் கணினிகள்
இதற்குச் சம்மதித்திருந்தன.
ஒன்பதாவதற்குத் தொழில் வேறு.
முன்பின் தெரியாதவர்களும்
அதன் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்,
அது எழுந்து வந்து பதில் சொல்ல வேண்டும்.
"பாலம் போட்டுடுங்க" என்று
குறிப்பு வைத்துவிட்டுப் போயிருந்தார்
பகல் ஷிஃப்ட் ஷுவென்.

இரண்டு நாற்பது.
பாலம் போட்டேன்.
இனி ஒன்பதாவது
பெட்டியின் பெயருக்குப் பின்னால் ஒளியாது,
தன் பன்னிரண்டு எழுத்துப் பெயரோடு
தானே ஸ்விட்சின் முன்னால் போய் நிற்கும்.
ஒரு பிங் அனுப்பச் சொன்னேன்.
அனுப்பியது.

பச்சை விளக்கு அணைந்தது.

ஒன்பதாவதுக்கு மட்டும் அல்ல,
பெட்டிக்கே, அதன் முதுகில் இருந்த எட்டுக்கும்.
உள்ளே எட்டிப் பார்த்தேன்.
மூன்றாவதும் ஐந்தாவதும்
எப்போதும்போல் பேசிக்கொண்டிருந்தன.
கேள்வி, பதில், கேள்வி, பதில்,
அரை மில்லி விநாடிகூட இல்லை.
வெளி என்று ஒன்று போய்விட்டதை
யாரும் அவற்றிடம் சொல்லவில்லை.

ஜூரோங்கிலிருந்து நஸீமா அழைத்தார்.
"உங்க போர்ட் தானா மூடிக்கிச்சு.
ஒரு வாசல்ல ரெண்டு பேர் தெரியுது.
ஒண்ணுக்குத்தான் அனுமதி."
ரெண்டாக்கித் திறங்க, என்றேன்.
"உள்ள மொத்தம் எத்தனை?"
பெட்டியோடு பத்து.
"மீதி எட்டு?"
பெட்டி பேர்ல இருக்காங்க.
சிரித்தார்.
"வாடகை வீடு மாதிரி."

நான் சிரித்திருக்கலாம்.
ஒப்பந்தத்தில் நான்கு பெயர்தான்.
ஐந்தாவது நான்.
போன மாதம் அதிகாரி ஒருவர் மணியடித்தபோது
அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்றபடி
கேட்டேன் திருமதி கோவின் நிதானமான குரலை:
அப்படி இங்கே யாரும் இல்லை.

"ஹலோ? இருக்கீங்களா?"

இருக்கேன்.

விளக்கு பச்சையானது.
ஒன்பதாவது பிங் அனுப்பியது, பதில் வந்தது.
வெளியிலிருந்து யாரோ
அதைக் கூப்பிடவும் தொடங்கினார்கள்,
விடிகாலை மூன்று மணிக்கு,
யாரோ, எதற்கோ.

கேபிளுக்குப் பெயர் அடிக்கும் கருவியில்
அதற்கொரு சீட்டு அடித்தேன், பழக்கதோஷம்.
அடித்த பிறகுதான் உறைத்தது,
ஒட்ட உடம்பில்லை.

நாடா மிச்சம் இருந்தது.
செ. அருட்பிரகாசம் என்று
இன்னொன்று அடித்தேன்.
கருவி தமிழ் எழுத்தை அறியாமல்
பதினைந்து கட்டங்கள் துப்பியது.
ஆங்கிலத்தில் மறுபடி.

முதல் ரயில், பீஷானில் மாறி ஈசூன்.
புளோக்கின் கீழே தபால்பெட்டி வரிசை.
சீட்டின் பின்தாளை
பாதி உரித்து நின்றேன்.
லிஃப்ட் வந்து, திறந்து,
யாரும் ஏறாமல் மேலே போனது.