நாற்பது லட்சம்

மனாமாவில் ஒரு வெள்ளிக்கிழமை.
படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
கடைசியாக எத்தனை நாளுக்கு முன்?
ஒரே ஓர் இலக்கம் எழுதத்தான் கட்டம் இருந்தது.
நான் விடுமுறை முடிந்து வந்த தேதியிலிருந்து கணக்குப் போட்டு
கட்டத்துக்கு வெளியே
அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன்.

கோட்டயத்து நர்ஸ் தலை நிமிராமல் சொன்னாள்:
"வைஃப் கூட மட்டும் இல்ல சேட்டா.
எப்படியானாலும்."

அடித்துவிட்டு நான்கு என்று போட்டேன்.
எட்டுப் பேர் படுக்கும் அறையில்
ஒற்றைக் குளியலறைக்கு வரிசை நிற்கும் அதிகாலையில்
அந்த நான்கு எப்படி நான்கானது என்று
அவள் கேட்கவில்லை.

டப்பாவில் என் பெயர், சி.பி.ஆர். எண்.
உள்ளே ஒரு சோபா, மேலே காகித விரிப்பு,
அணைத்து வைத்த டிவி.
கதவில் தாழ்ப்பாள்.
ஏழு வருட பஹ்ரைனில்
எனக்கு மட்டும் என்று பூட்டிக்கொண்ட முதல் அறை.
பத்து நிமிடம்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நாற்பது லட்சம் என்றார் டாக்டர்.
என் பெயரில் இவ்வளவு பெரிய தொகை
எந்தக் காகிதத்திலும் வந்ததில்லை.
குறைவு என்றார்.
ஒன்றரைக் கோடிக்கு மேல் வேண்டுமாம்.
இருப்பதிலும் பாதி நீந்தவில்லை,
மீதியில் பாதிக்குத் தலை சரியில்லை.

என்ன வேலை?
அலுமினிய உலை.
எத்தனை டிகிரி?
எழுநூறுக்கு மேல்.
சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததா?
வந்தது. பதினாறில்.
அடுத்த வீட்டில் செயின் இரவல் வாங்கிக்
கழுத்தில் போட்டார்கள். இரண்டு கன்னமும் வடிந்தது.
கீழேயும் வீங்கியதா என்றார்.
வீங்கியது.
அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை.
இருபது வருடம் கழித்து
முதல்முறையாக ஒரு ஆம்.

காரணம் அதுவாகவும் இருக்கலாம்,
உலையாகவும் இருக்கலாம்,
இரண்டும் இல்லாமலும் இருக்கலாம்.
கான்ட்ராக்ட் இன்னும் இரண்டு வருடமா?
அப்படியென்றால் இப்போதே உறைய வைத்துவிடுங்கள்,
மனைவி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.
ஒன்று போதும், ஊசியால் நாங்களே உள்ளே வைப்போம்.

கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள்,
தூதரக முத்திரையோடு.
வருட வாடகை சொன்னார்கள்.
நான் என் கட்டில் வாடகையை வகுத்துப் பார்த்தேன்.
பிள்ளைகளுக்கு பெட் ஸ்பேஸ் மலிவுதான்.
மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி.
அப்பன் உலை வாயில்,
அவர்கள் நைட்ரஜன் புகைக்குள்.
வருடா வருடம் புதுப்பிக்காவிட்டால்
இரு தரப்புக்கும் இடம் இல்லை.

இரவு மொட்டை மாடிக்குப் போய்
பொன்ஜெசியைக் கூப்பிட்டேன்.
ஆறு வருடமாக நாகர்கோவில் பஸ்ஸில் போய் வருகிறவள்.
குழாயில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள்,
மயக்கம் கொடுத்துத் துளை போட்டார்கள்,
உபவாசக் கூட்டத்தில் வயிற்றில் எண்ணெய் பூசினார்கள்.
ஒவ்வொரு ரிப்போர்ட்டையும்
வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். நார்மல். நார்மல்.
நான் கட்டைவிரல் போடுவேன்.

எல்லாம் சொன்னேன். எண்ணையும் சொன்னேன்.
"ஊசி போட்டாங்களா?"
இல்லை.
"ஸ்கேன்?"
இல்லை.
"பிறகு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"
ஒரு டப்பா கொடுத்தார்கள்.

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போய் முடியும்வரை
அவள் பேசவில்லை.

"அவ்வளவுதானா" என்றாள்.

மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினேன்.
"அதெல்லாம் வேண்டாம்.
மார்ச்சுல விசா எடுங்க, வாறேன்.
ஆனா இத உங்க அம்மாகிட்ட
நீங்களே சொல்லணும்.
இன்னைக்கே.
நாளைக்கு ஞாயிறாராதனைக்குப் புடவை எடுக்கணும்,
நான் தலை நிமிர்ந்து போகணும்."

நாளை சனிக்கிழமைதான் என்று சொல்ல வந்தேன்.
சொல்லவில்லை.

உடன்குடியில் இப்போது பத்தரை.
அம்மா தூங்கியிருப்பாள்.
மணி அடிக்கிறது.
மூன்று. நான்கு.
எடுத்துவிட்டாள்.