பத்தொன்பதாவது நிமிடம்

ஆரும் ஸ்ரத்திக்கருது, என்றார் பிஜுமோன்
பாறசாலையிலிருந்து, போனில்.
ஒருத்தரும் கவனித்துவிடக் கூடாது, அவ்வளவுதான் சங்கதி.
பாட்டாக இருக்கக் கூடாது.
பாட்டு இல்லாத மாதிரியும் தோன்றக் கூடாது.
துக்கம் வேண்டாம்,
சேலை எடுக்க வந்தவளுக்கு யாராவது ஞாபகம் வந்துவிட்டால்
பில் போடாமல் இறங்கிப் போவாள்.
சந்தோஷமும் அளவோடு.
காலால் தாளம் போடுகிறவன் சட்டையைப் பார்ப்பதில்லை.

நாற்பத்திரண்டு நிமிடம்,
மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
உரிமை அவருக்கு. பெயர் யாருக்கும் இல்லை.

படந்தாலுமூட்டில் டயர் கடைக்கு மேலே என் அறை.
ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிக்கும் கீபோர்டு
மற்ற நாளெல்லாம் என் கட்டிலில் படுத்திருக்கும்.
நான் தரையில்.
எல்லை தாண்டக் காத்து நிற்கிற பாறைப்பொடி லாரிகள்
ஒரு மணிக்கு மேல்தான் வாய் மூடும்.
அதன்பிறகு வாசித்தேன், வாசித்ததை அழித்தேன்.
இந்த வேலையில் அழிப்பதற்குத்தான் கூலி.
ஒரு ஸ்வரம் அடுத்ததன் விரலைப் பிடித்து
எங்கோ போகக் கிளம்பினால்
நடுவில் புகுந்து பிரித்துவிட வேண்டும்.

நேரடியாகப் பதிந்தால் பிளாஸ்டிக் பூ மாதிரி இருந்தது.
ஸ்பீக்கரில் ஓடவிட்டு
எதிரே மைக்கை வைத்தேன்.
பத்தொன்பதாவது நிமிடத்தில் கஞ்சி பொங்கி ஸ்டவ்வில் சீறியது.
எழுந்து ஓடினேன்.
கஞ்சிச் சத்தம் விழவில்லை.
இரும்பு மடக்கு நாற்காலி ஒரு கிரீச் போட்டது, அது விழுந்துவிட்டது.
அனுப்பிய பிறகுதான் கேட்டேன்.
பிஜுமோனுக்குக் கேட்கவே இல்லை.
அதற்காகத்தானே பணம் கொடுத்தார்.

ஆறேழு மாதம் கழித்து
களியக்காவிளையில் ஒரு துணிக்கடை, முதல் மாடி.
மச்சினன் கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டை.
ஏசிக் காற்றோடு கலந்து அது இறங்கிக்கொண்டிருந்தது,
அடுத்த வீட்டுக் கொடியில் என் பனியன் காய்வது போல.
சுனிஜா என்று பேட்ஜ் குத்திய பெண்
நாற்பது, நாற்பத்திரண்டு என்று உதறி விரித்தாள்.
கிரீச்.
ஆறு, என்றாள் மெல்ல.
நாற்பத்தாறா? எனக்குப் பெரிதாச்சே.
அளவு இல்ல அண்ணே, அது வேற கணக்கு.
ஆறு வந்தா சோறு. பதினொண்ணு சாயா.
பதினேழு கேட்டா ஷட்டரு விழும்.
வாச்சு கெட்டப்பிடாது இங்க, செல்லு லாக்கர்ல.

மூலையில் ஒரு ஸ்டூல் இருந்தது.
அதன்மேல் உள்ளாடைப் பெட்டிகள் இருந்தன.

சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்:
அந்தச் சத்தத்துல ஆரோ பைய இருக்கியாங்க அண்ணே.
அப்பம் எனக்க முட்டும் ஒருக்கா இருந்துக்கிடும்.

எங்கள் பக்கம் இருப்பது என்றால் உட்காருவது.
மலையாளத்திலும் அப்படியே.
செக்போஸ்ட்டில் நிறுத்தாத சொல்.

நான் உட்காரவில்லை பிள்ளே,
கஞ்சிக்காக எழுந்தேன், என்று சொல்ல வாய் வரை வந்தது.
பதினேழு தரம் ஒரு நாளைக்கு
ஒருத்தி உட்கார்ந்துகொண்டிருக்கிறாள்.
எந்த முகத்தோடு அவளை எழுப்ப?
நாற்பத்திரண்டே போதும், பேக் பண்ணு, என்றேன்.
கழுத்து இறுக்கம்தான்.

போன வாரம் பிஜுமோன் மறுபடி.
நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரி,
ஐ.சி.யு. வாசல், அறுபது நிமிடம்.
பழையதில் என்னமோ கரகரக்குதாம், ஒரு கஸ்டமர் சொன்னாராம்,
அதையும் எடுத்துத் தர முடியுமா?
ஹார்ட் டிஸ்க் போச்சு சேட்டா, என்றேன்.
பொய்.

ராத்திரி ஒன்றரை. லாரிகள் ஓய்ந்துவிட்டன.
மைக்கை நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் நகர்த்தினேன்.
எத்தனையாவது நிமிடத்தில் என்று இன்னும் முடிவாகவில்லை.
அடுப்பில் ஒன்றும் வைக்கவில்லை இன்றைக்கு.
நின்றுகொண்டே வாசிக்கிறேன்.