காலிக் கட்டங்கள்

சனிக்கிழமை பதினொன்றரைக்கு
அரை மணி நேரம் தந்திருக்கிறார்
புள்ளியியல் துறை சாந்தலிங்கம் சார்.
"டேட்டா அப்புறம். மொதல்ல உங்க கேள்வியோட வாங்க."

சோமனூர். வாடகை அறைக்குக் கீழே
இரவு ஷிப்ட் விசைத்தறி.
லேப்டாப்போடு மேசையும் நடுங்குகிறது.

நூற்றுப் பன்னிரண்டு பேர்.
வலக்காது, இடக்காது, தறிக்கு வந்த ஆண்டு.
ஆண்டு கேட்டால்
"மூத்தவ பொறந்த வருசமுங்க" என்றார் ஒருவர்,
"பவர்கட்டு பாடாப் படுத்துச்சே, அப்ப."
இதையெல்லாம் எண்ணாக்க வேண்டும் விடிவதற்குள்.

ஆறு மாதம் கழித்து எடுத்த
இரண்டாம் சோதனையில் பத்தொன்பது கட்டம் காலி.
'தற்செயல் விடுபடல்' என்று அடித்துவிட்டு
ஆறிப்போன புரோட்டாவைப் பிரித்தேன்.

என்ன தோன்றியதோ,
அந்தப் பத்தொன்பது பேரின் முதல் சோதனையை மட்டும்
வடிகட்டிப் பார்த்தேன்.
பதினான்கு பேருக்கு அறுபது டெசிபலுக்கு மேல்.

எண்பத்து மூன்றாம் வரிசை, சென்னியப்பன்.
கருமத்தம்பட்டி பேக்கரியில் பிடித்து
"நாலு தடவை கூப்பிட்டேனே" என்று கடிந்துகொண்டேன்.
செல்லை எடுத்து உற்றுப் பார்த்தார்.
"அடிச்சீங்ளா? கேக்கலீங்களே."
சிரித்தார். நானும்.
நோட்டில் 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டு
பஸ் ஏறினேன்.

'தற்செயல்' என்பதை இப்போதுதான் அழித்தேன்.
கர்சர் அங்கேயே துடிக்கிறது.

கேள்வி கிடைத்துவிட்டது, சார்.
கேட்காதவர்களை
எந்த எண்ணில் கூப்பிடுவது?