ட்ரெபிள் எட்டு

மதுரையில் காது பார்த்த பெண்
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து
மெஷினை அளந்து கொடுத்தாள்.
"செட்டிங்கை நீங்களே மாத்தக் கூடாதுங்கய்யா."
முப்பத்தோரு வருசம் மைக்செட் கட்டுகிறவனிடம்
சொல்லக்கூடிய பேச்சா அது?

கூண்டுக்குள் எல்லாம் தெளிவு.
காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும்
கண்டக்டர் விசில் பிடரியில் ஆணி அடித்தது.
வீட்டில் கண்ணாத்தாள் தட்டு வைத்தாள்.
தட்டு கேட்டது.
தட்டோடு வைத்த சொல் கேட்கவில்லை.

மறுபடி மதுரை என்றால்
ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும்.
ஈரோட்டில் காதுமெஷின் கடையை மூடியவரிடம்
பழைய ப்ரோக்ராமர் பெட்டி வாங்கினேன்.
ஒயர் இரண்டு.
சிவப்பு வலது, நீலம் இடது.
லேப்டாப் மச்சினன் மகனுடையது,
'எ' எழுத்து மட்டும் அமுங்காது.

முதல் ராத்திரியே தப்பு.
பழையதை எடுத்துவைக்காமல் புதியதை ஏற்றிவிட்டேன்.
மதுரைக்காரி போட்ட கணக்கு
போனது போனதுதான்.
ஜெனரேட்டர் வாடகை பில்லைத் திருப்பிப் போட்டு
என் காதை நானே வரைந்தேன்:
ஐந்நூறு வரை சமதரை,
ஆயிரத்தில் லேசாய்ச் சரிவு,
நாலாயிரத்தில் கிணறு.
அதை வெட்டியது யார் என்று தெரியும்.
களவு போகாமலிருக்க
ஹாரன் கட்டிய மரத்தடியிலேயே
பாய் விரித்துத் தூங்கிய ஆள் நான்.

கண்ணாத்தாள் முதுகுக்குப் பின்னால் நின்று
வார்த்தை சொன்னாள்.
பத்தி.
"கத்தியா?"
நாலாயிரத்தில் மூணு டெசிபல் ஏற்றினேன்.
கொத்து.
"சொத்து?"
இன்னும் இரண்டு.
கீச்சென்றது.
ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் வரும்
அதே ஊளை,
அரிசி அளவில்.
காது அச்சை அழுத்திச் சொருகி, ஒன்று இறக்கினேன்.
புத்தி, என்றாள்.
"புத்தி!"
"இருந்தா இந்நேரம் தூங்கியிருப்ப."
அதுவும் கேட்டது.

பதினெட்டு ராத்திரி.
வீட்டுக்கு ஒன்று, ரோட்டுக்கு ஒன்று,
செட்டிமார் வீட்டு வளவுக்கென்றே மூன்றாவது,
முட்டைப்பூச்சுச் சுவரில் சத்தம்
வழுக்கி வழுக்கித் திரும்புமே, அதற்காக.

கண்டனூரில் கல்யாணம்.
இரண்டாம் கட்டில் நாலு பாக்ஸ்.
சேவுகன் ஒயர் இழுத்து முடித்தான்.
மூன்றாவதுக்கு மாற்றிக்கொண்டு
என் மைக்கில் நானே சொன்னேன்,
ஹலோ, செக்.

தகரத்தைத் தகரத்தில் இழுத்த மாதிரி
ஒரு குரல்.
மெஷினில் கோளாறு என்று கழற்றி ஊதினேன்.
திரும்ப மாட்டினேன்.
தகரம்தான்.

குனிந்து மிக்ஸரைப் பார்த்தேன்.
ட்ரெபிள் எட்டில் நின்றது.
வாங்கிய புதிதில் நாலு.
மகள் கல்யாணத்தின்போது ஐந்தோ, ஐந்தரையோ.
காது இறங்க இறங்க
குமிழ் ஏறியிருக்கிறது, என் விரலாலேயே.
பாக்ஸுக்கு வயசாச்சு என்று
ட்வீட்டரை இரண்டு தடவை மாற்றினேன்.
பந்தியில் காதில் பஞ்சு வைத்தவர்களை
பனிக்காலம் என்று நினைத்தேன்.
வைகாசியிலுமா?

"ஏண்டா, சொல்லலையே?"
சேவுகன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்,
"நாலு வருசமாச் சொல்றேண்ணே."

இசைகுடிமானம் வாசிக்க மைக் கேட்டார்கள்.
கொடுக்கும் முன்னால்
எட்டு, ஏழு, ஆறு,
அங்கே கொஞ்சம் நின்று,
நாலரை.

வாசிக்க ஆரம்பித்த நேரம் பார்த்து
காதுக்குள் டிங் டிங்கென்று பேட்டரி செத்தது.
புதியதின் ஆரஞ்சு ஒட்டைக் கிழித்து
ஒரு நிமிடம் காற்று குடிக்கவிட வேண்டும்.
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வாய் அசைந்தது.
குமிழ் நாலரையில் இருந்தது.
வளவு முழுக்க ஆட்கள்,
கைகள் எல்லாம் மடியில்.