ஆறா ஏழா

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியின் பின்கட்டு, இரண்டாம் மாடி.
சளி வந்தது முக்கூடலிலிருந்து:
செல்லக்கனி, நாற்பத்தொன்று, பீடி சுற்றுகிறவர்.
வழக்கமான மாத்திரைக்கு அடங்காத காசம்.

கிருமியின் இழையை முறுக்குப் பிரித்துப் பிரித்து
துளைக்குள் இறக்கிவிடுகிறது ஒரு நொதி,
நொடிக்கு நானூறு எழுத்து.
அதில் ஒரு மூலையில்
ஜி ஜி ஜி என்று ஒரே எழுத்தின் வரிசை.
ஆறென்றால் புது மருந்துக்குக் கேட்கும்.
ஏழென்றால் கேட்காது.

நேற்றைய ஓட்டத்தில்
பாதி வரி ஆறு என்றது, பாதி ஏழு.
ஓர் எழுத்துதானே என்று சொல்லாதீர்கள்.
பாட்டில் ஒரு மெய் விழுந்தால்
பாடு.

காலையில் பஸ்ஸில்தான் பிடிபட்டது.
ஆற்றுப்பாலம் தாண்டி டிரைவர் மிதித்த மிதியில்
வண்ணார்பேட்டைப் பலகைகள் ஒன்றில் ஒன்று கரைந்து
பல் ஆஸ்பத்திரியில் பழைய நகை வாங்கினார்கள்.
முருகன்குறிச்சியில் வண்டி நின்றே போனது.
ஒரே பலகையை நாலு தரம் வாசித்தேன்.
எங்கள் எந்திரமாக இருந்தால்
நாலு பலகை என்று சத்தியம் பண்ணியிருக்கும்.

ஏடிபியைக் குறைத்தேன்.
மைதீன் பாத்து சூட்டை முப்பதுக்கு இறக்கினாள்.
நொதி படுத்துக்கொண்டது, துளை அடைத்தது.
பாழான சில்லின் விலை என் இரண்டு மாதச் சம்பளம்;
கணக்குப் பிரிவுக்கு இன்னும் சொல்லவில்லை.

முப்பத்திரண்டு. ஏடிபி முக்கால் பங்கு.
ஏட்டி, பைய வா, என்றேன் திரையைப் பார்த்து,
நிக்காத, ஓடாத, பைய.
கோடு படிபடியாக இறங்கத் தொடங்கியது,
ஒவ்வொரு படியிலும் கால் வைத்து.

சளி கொடுக்க வந்த அன்று
மடியில் கிடந்த செல்லக்கனியின் விரல்கள்
சும்மா இருக்கவில்லை,
கட்டைவிரல் மற்றதைத் தொட்டுத் தொட்டு.
கட்டுக்கு இருபத்தஞ்சு டாக்டர்,
பாக்காமலே வரும், ஒண்ணு கூடாது குறையாது.
நான் டாக்டர் இல்லை என்று
அவருக்குச் சொல்லவில்லை.

விடியற்காலை மூன்றே கால்.
பத்து வரியில் ஒன்பதில் ஒரே எண்.
கை தட்டப் போன மைதீன் பாத்து
உள்ளங்கைகளுக்கு நடுவே காற்றை வைத்துக்கொண்டு
நின்றாள்.

வார்டுக்குப் போகும் தாளில்
அந்த மருந்தின் பெயரை அடித்தேன்.
எண்ணால் போட்டேன்.
பிறகு, யாரும் ஒன்று என்று படித்துவிடக் கூடாதே என்று
எழுத்தாலும் போட்டேன்:
ஏழு.