நாலாம் குழு

சொந்தப் பிள்ளை சொந்தக் குழுவில் கூடாது
என்பது புஷ்கலா மிஸ்ஸின் சட்டம்.
என் ஆதிரை இரண்டாம் குழு.
எனக்கு வாய்த்தது நாலாவது:
ஜெஃப்ரின், லித்திகா, ரிஃபாத்,
கொளத்தூரில் பஸ் கிளம்பும் முன்பே
மதியச் சாப்பாட்டைத் தின்று தீர்த்துவிட்ட பிரணவ்.

கழுத்தில் தொங்கிய அட்டையில்
பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
'பெற்றோர்' என்று மட்டும் இருந்தது.
யாருடைய என்று இல்லை.

புழல் சிறையின் மதில் வந்ததும்
"இதான் பண்ணையா அங்கிள்?" என்றான் ரிஃபாத்.
இல்லை என்றேன்.
"அப்போ உள்ள என்ன வளர்க்கறாங்க?"
எதிர்ப்பக்கம் ஏரியைக் காட்டினேன்.
அவன் ஏரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

பாடியநல்லூர் தாண்டி பிரணவ் வாந்தியெடுத்தான்.
என் கைக்குட்டை, என் முழங்கை, லித்திகாவின் தொப்பி.
"ஸாரி அங்கிள்" என்றது
வாந்தியெடுக்காத ஜெஃப்ரின்.

இறங்கியதும் எண்ணினேன்: நாலு.
கோழிக் கூண்டருகே நாலு.
பம்புசெட் தொட்டியில் கையலம்பிய பின்னும் நாலு, ஈரமாய்.
ஆபீஸிலும் எனக்கு எண்கள்தான் வேலை,
ஒன்று இடித்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.
இங்கே நாலு என்பது
ஓடுகிறது, சாணியை மிதிக்கிறது,
ஆட்டின் கண்ணை விரலால் தொடப் பார்க்கிறது.

பால் கறந்து காட்டிய தேசம்மாள்
"யாராச்சும் வர்றீங்களா?" என்றதும்
முப்பத்தெட்டுப் பேரும் ஓரடி பின்வாங்க,
லித்திகா மட்டும் போய் மடியைத் தொட்டாள்.
"சூடா இருக்கு!"
இத்தனை நாள் இதை ஏன் மறைத்தீர்கள் என்பதுபோல்
பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

வரப்பில் இரண்டாம் குழு எதிரே வந்தது.
"ஹாய் அங்கிள்" என்றன எல்லாக் குரல்களும்.
அதில் ஒன்று ஆதிரை.
சிரிப்பு வந்தது எனக்கு.
பத்தடி நடந்த பிறகு வரவில்லை.

சோளக் கொல்லையை விட்டு வெளியே வந்து எண்ணினேன்.
ஐந்து.
மறுபடி எண்ணினேன். ஐந்து.
குறைந்தால் கத்தலாம்.
கூடினால் என்ன செய்வதென்று
காலைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

எல்லாத் தலையிலும் அதே மஞ்சள் தொப்பி.
கடைசித் தொப்பி தலை நிமிராமல்
வலது காலை முன்னே நீட்டியது.
"அங்கிள், லேஸ் அவுந்துடுச்சு."

மண்டியிட்டேன்.
இரண்டு முடிச்சு, அவளுக்குப் பிடித்தபடி,
இரண்டாவதை இறுக்காமல்.
"தேங்க்ஸ் அங்கிள்."
பிறகு காதோரம், மூச்சாக:
"மிஸ்கிட்ட சொல்லாதப்பா."

அவள் ஓடி மறைந்ததும்
"நாலு மிஸ், நாலு!" என்று கத்தினேன்.
யாரும் கேட்டிருக்கவில்லை.

திரும்பும்போது என் தோளில் பிரணவ்,
வாய் திறந்த தூக்கம், சட்டையில் எச்சில்.
மூன்று வரிசை முன்னால் ஒரு மஞ்சள் தொப்பி
திரும்பி அந்தத் தோளைப் பார்த்தது.
முன்னால் திரும்பிக்கொண்டது.
மறுபடி பார்த்தது.

ரெட்டேரி சிக்னல் வருவதற்குள்
பதினொரு முறை.
எண்ணினேன்.