எந்த வெள்ளை

ஐந்து ரோட்டுக் கடையில்
வரிசையாகப் பன்னிரண்டு திரைகள்.
பன்னிரண்டிலும் ஒரே கிளி,
பன்னிரண்டு பச்சை.

விற்கிற பையன் இலியாஸ்
கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குகள் மாறி மாறி எரியும்
ஒரு கம்ப்யூட்டரைக் காட்டினான்.
தேர் மாதிரி இருந்தது.
'கேம் ஆடுவீங்களா மேடம்?'
ஜவ்வரிசி மூட்டைக்கு லேபிள் போடுவேன் என்றேன்.

கையிருப்பு ஒரு லட்சத்துப் பத்தாயிரம்.
அதில் முப்பது, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கடைக்காரர்
ஆறு மாதம் இழுத்தடித்துத் தந்தது.
ராம் முப்பத்திரண்டு; அதில் பேரமில்லை.
பழையதில் ஒரு ஃப்ளெக்ஸைத் திறக்கக் கொடுத்துவிட்டு
டீ குடித்து வரலாம்.
ஒரு தேர்தல் முழுக்க அப்படிக் குடித்திருக்கிறேன்.
கிராஃபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்கினேன்.
என் மாம்பழங்கள் ஓடுவதில்லை, சுடுவதில்லை,
பெட்டி மேல் சும்மா இருக்கின்றன.

மென்பொருள்தான் குடைந்தது.
ஒன்பது வருடம் பூட்டுடைத்த ஒன்றில் சம்பாதித்தேன்.
அது பழிவாங்கியது தமிழில்:
'கொ' அடித்தால் கொம்பு கழன்று
எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.
கொங்கணாபுரத்துக் கல்யாணம் ஒன்றில்
ஊரே உடைந்து எழுநூறு பத்திரிகை அச்சானது.
மாதச் சந்தா கட்டினால் கொம்பு ஒட்டுமாம்.
வீட்டு வாடகை மாதிரி, நிறுத்தினால் வெளியே.
ஒருமுறை வாங்கினால் போதும் என்கிற இன்னொன்றை
அரிசிபாளையம் பிரஸ் ஆரோக்கியம் சொன்னார்.
அது தரும் ஃபைலைத் தன் மெஷின் வாங்காது
என்பதையும் அவரே சொன்னார்.
சந்தா கட்டினேன்.

மிச்சம், திரை.
பையிலிருந்து ஒரு கைப்பிடி ஜவ்வரிசி எடுத்து
மேஜையில் கொட்டினேன்.
இலியாஸ் முதலாளியைப் பார்த்தான்.
எல்லாத்திலயும் வெறும் வெள்ளை வைப்பா என்றேன்.
முதல் திரையில் அது டியூப்லைட்.
அடுத்ததில் சொட்டுநீலம் கூடிப்போன வேட்டி.
ஆறாவது மட்டும்
யாரையும் கூப்பிடாமல் நின்றது.
மலையடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்கத்தில்
மழை விட்ட மறுநாள் தெரியும் வெள்ளை.
ஜவ்வரிசி அதன் முன்னால்
ஜவ்வரிசியாகவே இருந்தது.
'அது டல்லுங்க மேடம், யாரும் எடுக்க மாட்டாங்க.'
டிஸ்ப்ளே பீஸ் என்று எண்ணூறு குறைத்தார்கள்.

யூபிஎஸ்ஸை மறந்து
நாலு ரோடு வரை போய்த் திரும்பினேன்.

முதல் லேபிள் ஆத்தூர் மில்லுக்குப் போனது.
பெரியண்ணன் உடனே கூப்பிட்டார்:
'என்னம்மா, மஞ்சளா இருக்குது?'
கீறல் விழுந்த போன்.
கண்ணுக்கு நல்லதென்று மகள் போட்டுவிட்ட இரவு வெளிச்சம்.
அதை மத்தியான வெயிலில்,
காயப்போட்ட களத்தின் நடுவில் நின்று பார்த்திருக்கிறார்.
போனை விடுங்க, கீழே களத்தைப் பாருங்க என்றேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
யாரோ காக்கா விரட்டும் சத்தம் மட்டும்.

'இதுவும் மஞ்சளாத்தான் தெரியுது' என்றார்.
'லேபிள் இருக்கட்டும்,
கண்ணைக் காட்டணும் போல.'